தோளின் மேடு இருக்கட்டும், கை மேலே போகட்டும்

கேள்வி: நான் சேலம் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் கணித ஆசிரியை. வயது 43. ஐந்து ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை எடுத்துவருகிறேன். விடுமுறை நாள்களில் கூடாரம், துணிமணி, சமையல் சாமான் எல்லாவற்றையும் சைக்கிளிலேயே கட்டிக்கொண்டு இரண்டு மூன்று நாள் பயணம் போவது என் வழக்கம். அக்டோபர் நடுவில் கொல்லிமலையில் தங்கிவிட்டுக் காரவள்ளிப் பக்கமாக இறங்கியபோது, ஒரு கொண்டை ஊசி வளைவில் ஈரச் சருகில் முன் சக்கரம் வழுக்கி, வலது தோள் தரையில் மோதும்படி விழுந்தேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பு முறியவில்லை, ஏ.சி. மூட்டில் ஜவ்வு கிழிந்திருக்கிறது, மூன்றாம் நிலை என்றார்கள். மூன்று வாரம் ஸ்லிங் போடச் சொன்னார்கள். பயத்தில் நான்காவது வாரமும் கழற்றாமல் இருந்தேன். இப்போது ஆறு வாரம் ஆகிறது. தோளின் மேல் எலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. கையைத் தோள் உயரத்துக்கு மேல் தூக்க முடியவில்லை. மகள் பிடித்துத் தூக்கினாலும் அதே இடத்தில் நின்றுவிடுகிறது. பின்னல் போட அவள்தான் வரவேண்டியிருக்கிறது. இரவில் வலியால் தூக்கம் கெடுகிறது. ஒரு மருத்துவர் பிளேட் வைக்கலாம் என்கிறார், இன்னொருவர் தேவையில்லை என்கிறார், மாமியார் புத்தூர் கட்டுப் போடச் சொல்கிறார். பொங்கல் விடுமுறையில் தோழிகள் தனுஷ்கோடி வரை சைக்கிளில் போகிறார்கள். நானும் போகலாமா? அந்த மேடு எப்போது இறங்கும்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த மேடு தானாக இறங்காது. வீக்கம் வடிய வடியச் சற்றுக் குறைந்ததுபோல் தோன்றும், அவ்வளவுதான். இதை ஒளிக்காமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தக் காயத்துடன் வருபவர்களில் பலர், கண்ணாடியில் தெரியும் மேட்டையே அளவுகோலாக வைத்துக்கொண்டு, அது இறங்காதவரை தோள் ஆறவில்லை என்று எண்ணிக் கையை அசைக்கவே அஞ்சுகிறார்கள். தாங்கள் நான்காவது வாரமும் ஸ்லிங்கைக் கழற்றாமல் இருந்ததும் அந்த அச்சத்தினால்தான் என்று நினைக்கிறேன்.

மேடு என்பது என்ன என்று தெரிந்தால் அச்சம் பாதி குறையும். கழுத்தில் காறை என்னும் அணி படியும் இடத்தில் இருப்பதால் காறை எலும்பு என்று பெயர் பெற்ற எலும்பு, நெஞ்செலும்பிலிருந்து புறப்பட்டுத் தோள் முனை வரை ஒரு காவடித் தண்டுபோல் கிடக்கிறது. கையை உடம்போடு எலும்பு வழியாக இணைப்பது அது ஒன்றுதான். மற்றபடி முழுக் கையும் தசைகளில்தான் தொங்குகிறது. காறை எலும்பின் வெளிமுனை, தோள்பட்டை எலும்பின் உச்சியைத் தொடும் இடமே ஏ.சி. மூட்டு. அந்த மூட்டைச் சுற்றி ஒரு சிறு ஜவ்வும், சற்று உள்ளே தள்ளி, தோள்பட்டை எலும்பில் காக்கையின் அலகுபோல் வளைந்து நிற்கும் முனையிலிருந்து காறை எலும்புக்குப் போகும் இரண்டு வலுவான ஜவ்வுகளும் இந்தத் தண்டைக் கட்டி வைத்திருக்கின்றன. கை உடம்போடு ஒட்டியிருக்கும்போது தோள் முனை நேராகத் தரையில் மோதினால், தோள்பட்டை கீழே தள்ளப்படுகிறது. மறுமுனையில் நெஞ்செலும்போடு பிணைக்கப்பட்டிருக்கும் காறை எலும்பு அதோடு கீழே இறங்க முடியாமல் நிற்கிறது. நடுவில் இருக்கும் ஜவ்வுகள் கிழிகின்றன. ஆகவே தாங்கள் பார்ப்பது மேலே எழும்பிய எலும்பு என்பதைவிட, கையின் பாரத்தில் கீழே இறங்கிவிட்ட தோளுக்கு மேலே தன் இடத்திலேயே நிற்கும் எலும்பு என்பதே பொருத்தம். இறங்கிய தோளை ஏந்திப் பிடிக்கத் தசைகளைப் பழக்க முடியும் என்பதால் இந்த வேறுபாட்டை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இனி அறுவை சிகிச்சை. நான் இயன்முறை மருத்துவர். கத்தி வைப்பதா வேண்டாமா என்ற இறுதி முடிவு தங்கள் எலும்பு மருத்துவருடையது. ஆனாலும் இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொன்னதைக் கண்டு, ஒருவர் தவறு என்று எண்ண வேண்டாம். 1984 முதல் வழக்கத்தில் இருக்கும் ராக்வுட் வகைப்பாடு இந்தக் காயத்தை ஆறு நிலைகளாகப் பிரிக்கிறது. முதல் இரண்டு நிலைகளுக்கு அறுவை வேண்டாம் என்பதிலும், கடைசி மூன்றுக்குப் பெரும்பாலும் வேண்டும் என்பதிலும் அதிகக் கருத்து வேறுபாடு இல்லை. நடுவில் மாட்டிக்கொண்டிருப்பது மூன்றாம் நிலைதான்; அதைப் பற்றிய வாதம் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. கனடாவின் எலும்பு முறிவு மருத்துவர்கள் சேர்ந்து, மூட்டு முழுவதும் விலகிய 83 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கொக்கி பிளேட் (காறை எலும்பை அதன் இடத்தில் பிடித்து வைக்கும், முனையில் கொக்கி உள்ள உலோகத் தகடு) வைத்தும் மறு பிரிவுக்கு ஸ்லிங்கும் பயிற்சியும் மட்டும் கொடுத்தும் கவனித்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. முதல் சில மாதங்களில் அறுவை இல்லாதவர்களின் கையே நன்றாக வேலை செய்தது; அதன் பிறகு இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை; எக்ஸ்ரே மட்டும் அறுவை செய்தவர்களுக்கு அழகாக இருந்தது. கொக்கி பிளேட்டைச் சில மாதங்களில் இன்னோர் அறுவை செய்து எடுக்கவும் வேண்டும் என்பதை யாரும் தங்களுக்குச் சொல்லியிருக்கிறார்களா என்று தெரியவில்லை.

இதைவிட முக்கியமான செய்தி, தங்களுக்கு இன்று அவசரம் ஏதும் இல்லை என்பது. கிழிந்த ஜவ்வின் முனைகளை அருகருகே கொண்டுவந்து வைத்தால் அவை தாமே கூடிக்கொள்ளும் காலம், ஏறத்தாழ முதல் மூன்று வாரம். அது கடந்துவிட்டது. இனி அறுவை செய்வதானால் பெரும்பாலும் வேறோர் இடத்திலிருந்து தசைநாண் எடுத்துப் புது ஜவ்வு கட்ட வேண்டியிருக்கும். அந்த வேலையை ஆறாவது வாரத்தில் செய்தாலும் நான்காவது மாதத்தில் செய்தாலும் முறையில் பெரிய மாற்றம் இல்லை. மூட்டு அறுவை மருத்துவர்களின் பன்னாட்டு அமைப்பான ஐசாகோஸ் 2014-இல் வெளியிட்ட கருத்தும் இதே திசையில்தான் போகிறது: மூன்றாம் நிலைக் காயத்தைச் சில வாரம் கழித்து மறுபடியும் பார்த்து, தோள்பட்டை எலும்பு ஒழுங்காக அசைகிறதா, வலி குறைகிறதா என்பதைக் கொண்டு அறுவை தேவைப்படுபவர்களைப் பிரித்தெடுக்க வேண்டும் என்கிறது அது. எனவே மூன்று மாதம் முறையாகப் பயிற்சி செய்த பின் முடிவெடுத்தால் எதையும் இழந்துவிட மாட்டீர்கள். ஒன்றை மட்டும் மருத்துவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். முன்பக்கத்திலிருந்து எடுத்த எக்ஸ்ரே மட்டும் இருந்தால், எலும்பு பின்பக்கமாக விலகியிருப்பது தெரியாமல் போகலாம். அப்படி விலகியிருந்தால் அது நான்காம் நிலை, கணக்கே வேறு. கையைச் சற்று விலக்கி வைத்துப் பக்கவாட்டுப் படமும் எடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

ஆனால் தங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி மேட்டைப் பற்றியதும் அல்ல, பிளேட்டைப் பற்றியதும் அல்ல. மகள் பிடித்துத் தூக்கினாலும் கை அதே இடத்தில் நின்றுவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். ஏ.சி. மூட்டுக் காயம் மட்டும் என்றால் ஆறாவது வாரத்தில் பிறர் தூக்கும்போது கை, சற்று வலித்தாலும், மேலே போயாக வேண்டும். போகவில்லை என்றால் அதற்குக் கீழே இருக்கும் பெரிய தோள் மூட்டின் உறை இறுகத் தொடங்கியிருக்கிறது என்று சந்தேகிக்கிறேன். ஃப்ரோசன் ஷோல்டர் என்று சொல்கிறார்களே, அதன் தொடக்கம். நாற்பதைத் தாண்டிய வயது, சர்க்கரை, நான்கு வாரம் அசையாமல் வைத்த கை ஆகிய மூன்றும் சேர்ந்தால் அது வரக் காத்திருக்கும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த இறுக்கம் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக வருகிறது, வந்தால் விடவும் மறுக்கிறது. கவனிக்காமல் விட்டால் ஓராண்டு, ஈராண்டு என்று இழுக்கும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பாயில் மல்லாந்து படுத்துக்கொண்டு இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டி வைத்து, முன்கைகள் கூரையைப் பார்த்து நிற்கும்படி மடக்குங்கள். துடைப்பக் கட்டைபோல் ஒரு கழியை இரு கைகளிலும் பிடித்து, முழங்கை விலாவை விட்டு விலகாமல், இடது கையால் கழியைத் தள்ளி வலது முன்கையை வெளிப்பக்கமாகச் சாயவிடுங்கள். பிறகு இடது கைக்கும் அதேபோல் செய்து பாருங்கள். இடது கை எளிதாகச் சாய, வலது கை சிறிது தூரத்திலேயே சுவரில் முட்டியதுபோல் நின்றுவிட்டால், இறுக்கம் என்பது ஏறக்குறைய உறுதி. மாறாக, கழியால் தள்ளும்போது நன்றாகப் போய், கழியை விட்டதும் கை தாங்காமல் திரும்ப விழுந்தால், அது வேறு நோய்: தோளைச் சுழற்றும் தசைநாண் கிழிந்திருக்கலாம். நாற்பது வயதுக்கு மேல் தோளில் விழுபவர்களுக்கு இது அரிதல்ல, எக்ஸ்ரேயில் தெரியாது, நாளாக நாளாகக் கிழிந்த முனை உள்ளே சுருங்கிப் போய்விடும் என்பதால் அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ எடுப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. தோளின் வெளிப்புறத்தில் உள்ளங்கை அளவு இடம் மரத்திருந்தாலோ, விரல்களில் மதமதப்பு இருந்தாலோ அதையும் அதே நாளில் சொல்லுங்கள்.

இறுக்கம்தான் என்றால் செய்ய வேண்டியவை எளியவை, ஆனால் நாள்தோறும் நான்கைந்து முறை செய்ய வேண்டியவை. குனிந்து இடது கையை மேசையில் ஊன்றி, வலது கையைக் கிணற்று வாளிபோல் தொங்கவிட்டு மெல்ல ஆட்டுவது. மேசையில் ஒரு துண்டை விரித்து அதன் மேல் கையை வைத்து முன்னே தள்ளுவது. மேலே சொன்ன கழிப் பயிற்சியையே பத்துப் பத்து முறை செய்வது. நான்காவது பயிற்சிக்குத் தங்கள் தொழிலே உதவும். வகுப்பு முடிந்து பிள்ளைகள் போன பின் கரும்பலகைக்கு முன்னால் ஒரு முழம் தள்ளி நின்று, பலகையின் கீழ் விளிம்பில் வலது கை விரல்களை வைத்து, பல்லி சுவரேறுவதுபோல் விரல் விரலாக மேலே ஏற்றுங்கள். இதற்கு மேல் போகாது என்ற இடத்தில் பத்து எண்ணும்வரை நின்று, அங்கே சுண்ணக்கட்டியால் ஒரு சிறு கோடு போட்டுத் தேதியை எழுதுங்கள். வாரத்துக்கு நான்கு விரற்கடை ஏறினாலும் நல்ல வளர்ச்சிதான். கணித ஆசிரியைக்கு வரைபடம் போடவும் ஒரு வாய்ப்பு. ஒன்றை மட்டும் கவனியுங்கள். விரல் ஏறும்போது தோளும் காதை நோக்கி எழும்பினால் அந்த உயரம் கள்ளக் கணக்கு. கோட்டை அழித்துவிட்டுத் தோளை இறக்கிக்கொண்டு மீண்டும் தொடங்குங்கள்.

எவ்வளவு வலிக்கலாம் என்று எல்லோரும் கேட்பார்கள். பத்துக்கு மூன்று, நான்கு அளவு வலி பயிற்சியின்போது வரலாம். மறுநாள் காலைக்குள் அது பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும். இறங்கவில்லை என்றால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்திவிடாதீர்கள். வலது கையை நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்து இடது தோளைத் தொடும் பயிற்சியை மட்டும் இப்போது செய்யவே வேண்டாம். காயப்பட்ட மூட்டை நேராக நசுக்குவது அது. இணையத்தில் தோள் வலிக்கு என்று போடும் காணொளிகளில் முதலில் வருவதும் பெரும்பாலும் அதுதான்.

இறங்கிய தோளை ஏந்தும் வேலை அடுத்தது. சுவரைப் பார்த்து நின்று இரு உள்ளங்கைகளையும் நெஞ்சுயரத்தில் ஊன்றி, முழங்கையை மடக்காமல், முதுகு சற்றே பின்னால் தள்ளப்படும்படி சுவரைத் தள்ளி மெல்ல விடுங்கள். பார்ப்பவருக்குத் தாங்கள் ஒன்றுமே செய்யாததுபோல் தெரியும். ஆனால் விலாவை ஒட்டித் தோள்பட்டை எலும்பை அணைத்துப் பிடிக்கும் தசை அப்போதுதான் விழிக்கிறது. அதோடு, ரப்பர் பட்டையைச் சன்னல் கம்பியில் கட்டி இரு முழங்கைகளையும் பின்னால் இழுத்துத் தோள்பட்டைகளை ஒன்றையொன்று நோக்கிச் சேர்க்கும் பயிற்சி. இவ்விரண்டையும் அருகில் உள்ள ஓர் இயன்முறை மருத்துவர் ஒரு முறையாவது நேரில் பார்த்துத் திருத்த வேண்டும். எழுத்தில் சொல்லிப் புரியவைப்பதற்கு எல்லை உண்டு.

இரவு வலிக்கு: மல்லாந்து படுத்து, வலது முழங்கைக்குக் கீழே மடித்த போர்வையை வையுங்கள், முழங்கை தோளைவிடத் தாழ்ந்து கிடப்பதுதான் பாதி வலிக்குக் காரணம். இடப்புறம் திரும்பிப் படுத்தால் நெஞ்சோடு ஒரு தலையணையை அணைத்து அதன் மேல் வலது கையை வையுங்கள். கைப்பையை இன்னும் சில மாதம் இடது தோளில் மாட்டுங்கள்.

தோளுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்று மருத்துவர் சொன்னால் மறுக்க வேண்டியதில்லை. தொடக்க கால இறுக்கத்தில் அது வலியைக் குறைத்துப் பயிற்சிக்கு வழிவிடும். ஆனால் அதற்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறும் என்பதால், போடுவதற்கு முன்பே தாங்கள் எடுக்கும் மாத்திரையைச் சொல்லி, அந்த வாரம் வீட்டில் கூடுதலாகச் சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று மாதச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1சி. சோதனையை எடுத்து நாளாகியிருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள்.

மாமியாரின் அக்கறையைத் தட்டிக் கழிக்க வேண்டாம். காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார். புத்தூர் கட்டு எலும்பு முறிவுக்காகப் பெயர் பெற்றது. தங்களுக்கு முறிந்த எலும்பே இல்லை; கட்டுப் போட்டு இன்னும் சில வாரம் கையை அசையாமல் வைத்தால், ஏற்கெனவே இறுகிவரும் தோளுக்கு நாமே பூட்டுப் போட்டதுபோல் ஆகும். எண்ணெய் தடவி மேலோட்டமாக நீவிவிடுவதாக இருந்தால் நீவட்டும். துருத்திய எலும்பை அமுக்கி உள்ளே தள்ள மட்டும் யாரையும் விடாதீர்கள்.

இனிப் பொங்கல் பயணம். சைக்கிளில் போக வேண்டாம் என்பதே என் பதில். அப்போது விபத்து நடந்து ஏறத்தாழ பதின்மூன்று வாரம் ஆகியிருக்கும். இறுக்கம் மட்டும் இல்லாதிருந்தால் பாரமில்லாத சைக்கிளில் சமதரையில் போகலாம் என்றே சொல்லியிருப்பேன். ஆனால் பாரம் கட்டிய சைக்கிளில் நாள் முழுதும் போவது காலின் வேலை மட்டுமல்ல. ஹேண்டில்பாரில் ஊன்றிய கைகள் உடம்பின் எடையில் ஒரு பங்கைச் சுமக்கின்றன. ஒவ்வொரு பள்ளமும் நேராகத் தோளுக்கு வந்து சேர்கிறது. ராமேசுவரத்தைத் தாண்டி இருபுறமும் கடலாக இருக்கும் சாலையில் பக்கக் காற்று முன் பையைப் பிடித்துத் தள்ளும்போது ஹேண்டில்பாரை நிமிர்த்திப் பிடிக்க வேண்டியதும் இதே தோள்தான். இன்னொன்று: நம் நாட்டுச் சைக்கிள்கள் பலவற்றில் முன் பிரேக் வலது கைப்பிடியில்தான் இருக்கிறது. திடீரென நாய் குறுக்கே ஓடும் நொடியில் வலிக்கும் கை தயங்கினால், மீண்டும் அதே தோளில் விழுவீர்கள். பேருந்தில் போய், தனுஷ்கோடிச் சாலை முடியும் அரிச்சல்முனையில் தோழிகளுக்கு முன்பே நின்று வரவேற்கலாமே.

எப்போது ஏறலாம் என்பதை நாள்காட்டியிடம் கேட்காமல் கையிடம் கேளுங்கள். இரு கைகளும் ஒரே உயரத்துக்கு எழ வேண்டும். பின்னலைத் தாங்களே போட வேண்டும். சுவரில், பிறகு மேசை விளிம்பில், பிறகு முழங்கால் ஊன்றித் தரையில் என்று தண்டால் எடுக்க முடிய வேண்டும். தரையில் கை ஊன்றிய நிலையில் ஒரு நிமிடம் நடுங்காமல் நிற்க வேண்டும். இவை வந்த பின் வெறும் சைக்கிளில் அரை மணி நேரம் சமதரையில் தொடங்கி, அடுத்து பின் கேரியரில் ஐந்து கிலோ, அதற்கடுத்து மேடுபள்ளச் சாலை, கடைசியாக மலை இறக்கம் என்று ஒவ்வொரு படியிலும் ஓரிரு வாரம் தங்குங்கள். ஹேண்டில்பாரை ஓரிரு அங்குலம் உயர்த்தியும் அருகில் கொண்டுவந்தும் அமைத்தால் தோளின் சுமை பின்னால் இருக்கைக்குப் போகும். கூடாரத்தையும் முன்பையில் வைத்ததையும் பின்னால் மாற்றுங்கள். முதுகுப்பை வேண்டவே வேண்டாம். மீண்டும் கொல்லிமலையின் எழுபது வளைவுகளில் இறங்கும் நாள் வரும்போது, பிரேக்கை வளைவுக்கு முன்னால் நேர்ச் சாலையிலேயே பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் முன் சக்கரத்தை உருளவிடுங்கள். ஈரச் சருகின் மேல் திரும்பிக்கொண்டிருக்கும் முன் சக்கரத்தில் பிடிக்கும் பிரேக்தான் பெரும்பாலும் ஆளைத் தூக்கிப் போடுகிறது.

கடிதத்தின் ஓரத்தில், விழுந்தபோது தலைக்கவசத்தில் சிறு விரிசல் விட்டது, மகள் பள்ளிக்குச் சைக்கிளில் போக அதை ஒட்டிக் கொடுத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். இன்றே அதை அவளிடமிருந்து வாங்கி உடைத்துக் குப்பையில் போடுங்கள். ஒரு முறை அடி வாங்கிய கவசத்தின் உள் நுரை நசுங்கி இருக்கும். அடுத்த அடியை அது தாங்காது. அவளுக்கு ஒன்று, தங்களுக்கு ஒன்று என்று புதிதாக இரண்டு வாங்குங்கள்.